பதினேழு பால்பற்கள்

ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த உறையில்
இரண்டு குப்பிகள்.
ஒன்றில் மெல்கர் என்றும்
ஒன்றில் ஃபோல்க்கெ என்றும் ஒட்டியிருந்தது.
கூடவே கேள்வித்தாள், பதினான்கு பக்கம்.

கர்ப்பத்தின்போது வீட்டுக்கு வர்ணம் பூசினீர்களா?
பூசினோம். தொட்டில் அறைக்கு. எலுமிச்சை மஞ்சள்.
காய்ச்சல் கண்டதா?
கண்டது. ஐந்தாம் மாதம், மூன்று நாள்.
என்ன மீன், வாரத்துக்கு எத்தனை தடவை?
என் அண்ணன் பிடித்து வந்த மீன். எண்ணவில்லை.
தந்தையின் வயது அப்போது?
நாற்பத்தாறு.

எது என்று அதில் இல்லை.
எதுவுமே இல்லாமலும் இருக்கலாம், பலவும் சேர்ந்தும் இருக்கலாம் என்று
பக்கத்தின் அடியில் பொடி எழுத்து.
நான் மட்டும் வாக்குமூலம் எழுதுகிறவள்போல்
பேனாவை அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒரே கருதான் இரண்டாகப் பிளந்தது.
எழுத்துக்கு எழுத்து ஒரே சுவடி,
படியெடுத்த கை எங்கும் தவறவில்லை
என்கிறது பரிசோதனை முடிவு.
மெல்கர் பேசுகிறான், மூச்சு விடாமல்:
கிருணாவிலிருந்து லூலியோவுக்கு வரும் தாது ரயிலில்
அறுபத்தெட்டுப் பெட்டி,
நேற்று வந்ததில் அறுபத்தேழுதான், ஏன்?
ஃபோல்க்கெ பதினொரு வயதில்
இரண்டு சொல் வைத்திருக்கிறான்.
ஒன்று ‘இல்லை’.
மற்றது என்னவென்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒரே வயிறு என்கிறார்கள்.
ஒரே வயிறா?
இடப்பக்கத்துப் பிள்ளைக்குக் கொடி மெலிந்திருந்தது என்று
மருத்துவச்சி சுண்டுவிரலைக் காட்டினாள்.
பிறக்கையில் முந்நூற்றுப் பத்து கிராம் வித்தியாசம்,
இரண்டு ஆப்பிள்.
இரண்டு ஆப்பிளுக்குள்
ஒரு மொழி முழுக்க அடங்கிவிடுமா?

‘குடும்பத்தில் வேறு யாருக்காவது?’
ஹோகன் ‘இல்லை’ என்று எழுதினான்.
இருபத்தொரு வருடமாக
தட்டின் ஒரே ஓரத்தில் உருளைக்கிழங்கை வைத்துத் தின்பவன்,
கல்யாண விருந்துகளில் எழுந்துபோய்
கார்களுக்கு நடுவே நின்றுகொள்பவன்.
இரவு, பனி தள்ளும் வண்டியை எடுக்கக் கிளம்புமுன்
அதை அடித்துவிட்டு
‘நான்?’ என்று எழுதினான்.
கேள்விக்குறி தாளைக் கிழித்து
அடுத்த பக்கத்திலும் பதிந்திருந்தது.

பல்லுக்குள் மரத்தைப்போல வளையங்கள் உண்டாம்,
நாளுக்கொரு கோடு.
பிறந்த அன்று கொஞ்சம் கறுத்த கோடு.
அதற்கு முந்தியவை என் உடம்பின் நாட்கள்.
லேசரால் படிப்பார்கள்:
ஈயம் எந்த வாரம் வந்தது,
துத்தநாகம் எந்த வாரம் தடுமாறியது.
மஞ்சள் வர்ணம் காய்ந்துகொண்டிருந்த அந்த வாரமும்
அங்கே எங்கோ இருக்கும்.

ஆனால் நான் பற்களைக் கடுகுச் சீசாவில் போட்டுவைத்திருந்தேன்.
பதினேழு. எல்லாம் ஒன்றாக.
ஆராய்ச்சிக்காரப் பெண் போனில் கொஞ்ச நேரம் பேசவில்லை.
மரபணு பார்த்துப் பிரிக்கலாமே என்றேன்.
‘அது ஒன்றுதானே’ என்றாள்,
தன் தவறுபோல.

மெல்கர் சீசாவைக் கவிழ்த்தான்.
‘இது மார்ச் ஒன்பது, செவ்வாய், பள்ளி டாக்ஸி, ஃபோல்க்கெ.
இது என்னது, ரொட்டி.
இது ஃபோல்க்கெ, கதவுப்பிடியில் முட்டினது, முனை பார்.’
பத்தொன்பது நிமிடம்.
அவனுக்கு எட்டு, இவனுக்கு ஒன்பது.

அதுவரை ஜன்னல் கண்ணாடியில் நாக்கை ஒட்டி
குளிரைத் தின்றுகொண்டிருந்த ஃபோல்க்கெ வந்தான்.
தன் குவியலிலிருந்து ஒன்றை எடுத்தான்,
முகர்ந்தான்,
மெல்கரின் குவியலில் வைத்தான்.
மெல்கர் திருப்பி வைத்தான்.
‘இல்லை’ என்றான் ஃபோல்க்கெ.
மறுபடி எடுத்து வைத்தான்.

திருத்தமா, கொடையா,
அல்லது எட்டும் ஒன்பதும் கோணலாய்ப் பட்டதா,
தெரியவில்லை.

கடைசிப் பக்கத்தில் ‘வேறு ஏதேனும்’ என்று
அரை அங்குல இடம் விட்டிருந்தார்கள்.
எழுதினேன்:
ஒரு பல்லைப் பற்றிச் சகோதரர்களுக்குள்
கருத்து வேறுபாடு உள்ளது.